பெயரிட்ட பெருந்தகை: தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட்

குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொன்ன கபிலரைத் தமிழுலகம் நன்கறியும். மலையில் பூத்த மலர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்த புலவர் அவர். அந்த மரபில் வந்த நாம், நம் மலைகளிலும் காடுகளிலும் அலைந்து, செடி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, அதற்குரிய பெயரை உலக ஏட்டில் பதிந்து வைத்த ஓர் அயல்நாட்டு அறிஞரைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். அவர்தாம் இசுக்காத்துலாந்தில் பிறந்து, தமிழகத்தில் உழைத்து, தென்னிந்தியத் தாவரவியலுக்கு அடித்தளம் இட்ட மருத்துவர் இராபர்ட் வைட். அன்னாரின் வாழ்வை, மரமஞ்சள் என்னும் ஒரு சிறு பொருளைக் கைவிளக்காகக் கொண்டு இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம்.

மரமஞ்சள் என்னும் புதிர்

தருமபுரிக் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் மரமஞ்சள் வேண்டும் என்று கேட்டால், மஞ்சள் நிறமுள்ள கட்டைத் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். கண்நோய்க்கும் வயிற்றுப்போக்கிற்கும் புண்களுக்கும் நம் முன்னோர் அதனைப் பயன்படுத்தி வந்தனர். ஆனால் அந்தக் கட்டை எந்தச் செடியிலிருந்து வந்தது என்று கேட்டால் விடை எளிதன்று. தென்னாட்டில் மரமஞ்சள் என்று விற்கப்படுவது பெரும்பாலும் காசினியம் என்னும் ஒரு பெருங்கொடியின் தண்டு. அது சீந்தில் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வடநாட்டு வைத்தியர்கள் தாருஹரித்திரா என்று கொள்வதோ, இமயமலையில் வளரும் பெர்பெரிஸ் என்னும் முட்செடியின் வேரும் கட்டையும் ஆகும். இரண்டும் மஞ்சள் நிறம், இரண்டும் கசப்பு, இரண்டிலும் பெர்பெரின் என்னும் ஒரே வேதிப்பொருள் உண்டு. ஆயினும் செடிகள் வேறு, குடும்பங்கள் வேறு, வளரும் இடங்களும் வேறு.

பெர்பெரிஸ் செடியை யூனானி ஹக்கீம்களும் நன்கறிவர். அதன் புளிப்புக் கனியை ஜரிஷ்க் என்றும், கட்டையைத் தார்ஹல்து என்றும், வேர்ப்பட்டையைக் காய்ச்சி எடுக்கும் கெட்டிச் சாற்றை ரசவ்த் என்றும் அவர்கள் வழங்குவர். பெர்பெரிஸ் என்னும் சொல்லே, அரபு மருத்துவ நூல்களில் வழங்கும் பர்பாரீஸ் என்னும் பெயரோடு தொடர்புடையது என்பர் அறிஞர். ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்து, 1248ஆம் ஆண்டு திமிஷ்கு நகரில் மறைந்த இப்னுல் பைதார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்து, ஒரே பொருளுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களை ஒப்பிட்டு எழுதினார். ஒரு பெயர், இரு பொருள். ஒரு பொருள், பல பெயர். இந்தக் குழப்பம் மருத்துவத்தில் உயிருக்கே கேடாக முடியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதே பணியைப் பிற்காலத்தில் தென்னிந்தியச் செடிகளுக்குச் செய்தவர்களுள் தலையாயவர் வைட்.

பிறப்பும் வருகையும்

இராபர்ட் வைட் 1796ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள், இசுக்காத்துலாந்தின் கிழக்கு லோத்தியன் பகுதியிலுள்ள மில்டன் என்னும் ஊரில் பிறந்தார். எடின்பரோ நகரில் கல்வி பயின்று, 1818இல் அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாளில் மருத்துவம் பயில்வோர் தாவரவியலும் பயின்றாக வேண்டும். மருந்து பெரும்பாலும் செடியிலிருந்தே கிடைத்தமையே அதற்குக் காரணம். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்து, படைப்பிரிவில் பணியேற்றார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் செடிகளைச் சேர்ப்பதில் கழித்தார்.

1826ஆம் ஆண்டு அவர் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளராக அமர்த்தப்பெற்றார். அப்போது சென்னை மாகாண ஆளுநராக விளங்கியவர் சர் தாமஸ் மன்றோ. அவர் நம் மாவட்டத்திற்குப் புதியவர் அல்லர். 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கம்பெனியின் ஆளுகைக்குச் சென்றபோது, அலெக்சாந்தர் ரீடு என்பாரின் உதவியாளராக வந்து, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றியவர். தருமபுரியில் தங்கித் தோட்டம் வளர்த்தவர். அவர் ஆளுநராக இருந்த நாளிலேதான் வைட் அவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. வைட் உடனே தென்மாவட்டங்களை நோக்கி நெடும்பயணம் மேற்கொண்டு, ஆயிரக்கணக்கான செடிகளைத் திரட்டினார்.

பதவி பறிபோதல்

ஆனால் காலம் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதில்லை. 1827 சூலையில் மன்றோ வாந்திபேதி நோயால் மறைந்தார். அடுத்து வந்த ஆளுநர் இஸ்டீபன் லஷிங்டன், 1828இல் இயற்கை ஆய்வாளர் பதவியையே ஒழித்துவிட்டார். சேர்த்து வைத்த செடித் தொகுப்புகள் கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் நாகப்பட்டினத்துக் காவற்படையின் மருத்துவராக மாற்றப்பட்டார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பதவியும் போயிற்று, சம்பளமும் குறைந்தது, சேர்த்த பொருளும் கைவிட்டுப் போயிற்று. வேறொருவராயின் அத்தோடு செடிகளை மறந்திருப்பார். வைட் அவ்வாறு செய்யவில்லை. நாகப்பட்டினத்துக் கடற்கரையிலும் தஞ்சைச் சமவெளியிலும் தம் சொந்தச் செலவில் ஆள்களை அமர்த்திச் செடிகளைச் சேர்க்கத் தொடங்கினார். கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு மடல்களும், உலர்த்திய செடிகளும், ஓவியங்களும் அனுப்பினார். அரசு கைவிட்ட பணியைத் தனிமனிதர் ஒருவர் தம் தோளில் சுமந்தார்.

1831இல் விடுமுறையில் தாய்நாடு திரும்பியபோது அவர் உடன் கொண்டு சென்றவை ஏறத்தாழ ஒரு இலட்சம் செடி மாதிரிகள். அவற்றுள் அடங்கிய இனங்கள் மூவாயிரம் முதல் நாலாயிரம் வரை. எடையோ இரண்டு டன். மூன்றாண்டு விடுமுறையை ஓய்வுக்குப் பயன்படுத்தாமல், வாக்கர் ஆர்னாட் என்னும் தாவரவியலாரோடு அமர்ந்து அவற்றை ஆய்ந்தார். அதன் பயனாக 1834இல் இந்தியத் தீபகற்பத் தாவரங்களைப் பற்றிய அவர்களது நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. மகரந்தத் தாள்களை எண்ணிப் பிரிக்கும் லின்னேயஸின் பழைய முறையை விட்டு, உறவு நோக்கிக் குடும்பங்களாகப் பகுக்கும் இயற்கை முறையில் அந்நூல் அமைந்தது. இரண்டாம் தொகுதி வெளிவரவே இல்லை. எனினும் அந்த ஒரு தொகுதியே தென்னிந்தியத் தாவரவியலின் தலைவாயிலாக இன்றும் நிற்கிறது.

நீலமலையின் முட்செடி

அந்நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே பெர்பெரிஸ் குடும்பம் இடம்பெற்றுள்ளது. அக்குடும்பத்தின் இயல்பை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. இவை பெரும்பாலும் குளிர்ந்த நாட்டுச் செடிகள். பெர்பெரிஸ் செடியின் தண்டில் மூன்று கிளையாகப் பிரிந்து நிற்கும் முட்கள் உண்டு. அவை முட்களாக உருமாறிய இலைகளே ஆகும். கட்டையை வெட்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள். பூவும் மஞ்சளே. பூவின் உறுப்புகள் மூன்று மூன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மகரந்தப் பைகள் நீளவாக்கில் வெடிப்பதில்லை; சிறு கதவு திறப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும். தேன் நாடி வரும் வண்டு மகரந்தத் தாளின் அடியைத் தொட்டவுடன், அத்தாள் சட்டென உள்நோக்கி மடங்கி வண்டின் மீது மகரந்தத்தைப் பூசிவிடும். படைப்பின் நுட்பத்தை என்னென்பது!

நம் தமிழகத்தில் இக்குடும்பம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில், நீலமலையிலும் பழனிமலையிலும் உள்ள சோலை ஓரங்களில் வளர்கிறது. நீலமலை மக்கள் ஊசிக்களா என்று வழங்கும் செடிக்குப் பெர்பெரிஸ் டிங்டோரியா என்று பெயர். சாயம் ஏற்றவல்லது என்பது அப்பெயரின் பொருள். 1822இல் அப்பெயரை வெளியிட்டவர், புதுவையில் தங்கித் தென்னாட்டில் செடி சேர்த்த பிரெஞ்சு அறிஞர் லெஷனோ. மற்றொரு செடி, முள்ளற்ற தண்டும், சிறகுபோல் இருபுறமும் அடுக்கிய, விளிம்பில் முள்ளுடைய சிற்றிலைகளும் கொண்டது. லெஷனோவின் பெயரையே தாங்கிய அதற்கு, பெர்பெரிஸ் லெஷனோல்டி என்னும் பெயரில் வைட்டும் ஆர்னாட்டும் 1834ஆம் ஆண்டு நூலில் விளக்கம் எழுதினர். பிற்காலத்தார் அதனை மஹோனியா என்னும் பேரினத்தில் சேர்த்தனர். 1961இல் ஆரெண்ட் என்னும் ஆய்வாளர் உலகின் பெர்பெரிஸ், மஹோனியா இனங்கள் அனைத்தையும் திரட்டி மறுஆய்வு செய்தபோதும், தென்னிந்தியச் செடிகளுக்கு வைட் போட்ட பாதையே பயன்பட்டது.

தமக்கு முன் உழைத்தவர் பெயரைத் தாங்கிய செடிப்பெயரை ஏற்று வெளியிட்டது வைட்டின் பெருந்தன்மையைக் காட்டுகிறது. அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு, ஆங்கிலக் கம்பெனியின் ஊழியர் பிரெஞ்சு அறிஞருக்குச் செய்த இம்மரியாதை சான்று.

ஓவியம் தந்த இரு கைகள்

1834இல் வைட் மீண்டும் இந்தியா வந்தார். 1836இல் படைப்பணியிலிருந்து வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பயிர்களைப் பற்றி ஆராயும் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டுகளில் குற்றாலம், பழனிமலை, இலங்கை ஆகிய இடங்களுக்கும் சென்று செடிகளைக் கண்டார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட கிழக்கிந்தியத் தாவர ஓவியத் தொகுதிகள் ஆறு; அவற்றில் உள்ள படங்கள் 2,101. அதனோடு இந்தியத் தாவரவியல் விளக்க நூலையும், நீலமலைச் செடிகளைப் பற்றிய வண்ணப்பட நூலையும் வெளியிட்டார். அந்நாளில் இங்கிலாந்திற்கு அனுப்பி அச்சிடுவது பெருஞ்செலவு. எனவே கல்லச்சு முறையைத் தாமே கற்றுச் சென்னையிலேயே அச்சிட்டார். செலவில் பெரும்பகுதி அவர் கைப்பணம்.

அப்படங்களை வரைந்தவர்கள் யார்? இக்கேள்விக்கான விடையே நம் நெஞ்சைத் தொடுவது. தொடக்கத்தில் இரங்கையா என்பவரும், 1845ஐ ஒட்டிய காலம் முதல் கோவிந்து என்பவரும் வைட்டின் ஓவியர்களாகப் பணிபுரிந்தனர். தென்னாட்டு ஓவிய மரபில் வந்த அவ்விருவரும், மலரைப் பிளந்து அதன் உள்ளுறுப்புகளைப் பெரிதாக்கி வரையும் மேனாட்டு முறையை விரைவில் கற்றுத் தேர்ந்தனர். ஒரு செடிக்குப் பெயர் வழங்கும்போது ஆயிரம் சொற்களால் விளங்காதது, அவர்கள் தூரிகையின் ஒரு கோட்டில் விளங்கியது. உலகெங்கும் உள்ள தாவரவியலார் தென்னிந்தியச் செடிகளை அறிந்துகொண்டது அவர்களின் கண்களாலேயே என்றால் அது மிகையாகாது.

கம்பெனிக் காலத்தில் இந்தியர் வரைந்த இயற்கை ஓவியங்கள் பலவற்றில் ஓவியரின் பெயரே இராது. வைட் தம் படங்களில் ஓவியர் பெயரைப் பொறித்தார். அதற்கும் மேலே சென்று, புதிதாகக் கண்ட ஒரு மலர்ச்செடிக்குக் கோவிந்தூயியா என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். பிற்கால ஆய்வில் அச்செடி வேறு பேரினத்தில் அடங்கிவிட்டது உண்மைதான். ஆயினும் ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், தம்மிடம் ஊதியம் பெற்ற இந்திய ஓவியரின் பெயரை அறிவியல் ஏட்டில் நிலைநாட்ட முனைந்த செயலை நாம் மறத்தலாகாது.

அதே வேளையில் ஒரு குறையையும் சொல்லியே ஆக வேண்டும். மலையேறிச் செடி பறித்து வந்த எளியவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. இன்ன மலையில் இன்ன பருவத்தில் இன்ன செடி பூக்கும் என்று அறிந்திருந்தவர்கள் அவர்கள். இரங்கையா, கோவிந்து ஆகியோரின் பிறப்பு, வளர்ப்பு, வாழ்க்கை ஆகியவையும் நமக்கு எட்டாமலே போயின. அவர்கள் வரைந்த மூல ஓவியங்களில் சுமார் 700, எடின்பரோ அரசத் தாவரத் தோட்டத்தில் காக்கப்பட்டு வருகின்றன. அத்தோட்டத்து அறிஞர் என்றி நோல்ட்டி 2007இல் வைட் பற்றியும் இரு ஓவியர் பற்றியும் விரிவான நூல்களை வெளியிட்ட பின்னரே, அப்பெயர்கள் மீண்டும் பேசப்படலாயின. நம் மண்ணின் மைந்தரை நமக்கு நினைவூட்ட அயலார் வரவேண்டியிருந்தது!

பருத்தியும் தோல்வியும்

பெரியோர் வாழ்வில் வெற்றியை மட்டும் எடுத்துரைப்பது நேர்மையாகாது. 1842 முதல் 1853 வரை வைட் கோயம்புத்தூரில் அரசுப் பருத்திப் பண்ணைகளின் பொறுப்பாளராக இருந்தார். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டது. அமெரிக்கப் பருத்தியை இந்திய உழவர் விளைவித்துத் தரவேண்டும் என்பது கம்பெனியின் எண்ணம். நம் உழவரின் நலத்தைக் காட்டிலும் அயல்நாட்டு ஆலையின் நலமே அத்திட்டத்தின் உயிர்நாடி. அமெரிக்கத் தோட்டக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். வைட் பல்லாண்டு உழைத்தார். விதைக்கும் பருவத்தை மாற்றிப் பார்த்தார்; நிலத்தை மாற்றிப் பார்த்தார். எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. வேற்று மண்ணின் பயிர் நம் மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் இணங்கவில்லை.

ஊதியம் பெற்றுச் செய்த பருத்திப் பணி பெரும்பயன் தரவில்லை. ஊதியம் எதிர்பாராமல் ஓய்வு நேரத்தில் செய்த செடிப் பணியோ நிலைத்து நின்றது. அன்னாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

1853இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய வைட், இரெடிங் நகருக்கு அருகில் கிரேஸ்லி என்னும் இடத்தில் நிலம் வாங்கி உழவராக வாழ்ந்தார். நூல் எழுதும் பணி ஏறத்தாழ நின்றுபோயிற்று. தாம் பேணிய செடித் தொகுப்பைக் கியூ தாவரத் தோட்டத்திற்கு வழங்கிவிட்டு, 1872ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் புதிதாக விளக்கி எழுதிய தாவர இனங்கள் 1,200க்கும் மேற்பட்டவை.

நாம் செய்ய வேண்டியது

இனி, தொடக்கத்தில் கண்ட மரமஞ்சளுக்கு மீள்வோம். பெயர் தெளிவில்லாமையால் என்ன நேர்ந்தது? மரமஞ்சள் என்ற ஒரே பெயரில் காசினியம் கொடியைத் தேடித் தேடி வெட்டியமையால், தென்னகக் காடுகளில் அது மிக அருகிவிட்டது. அக்கொடி பூத்துக் காய்ப்பதற்கே பல்லாண்டு ஆகும். வெட்டுபவர் கைக்கு அது ஒரு கணம். நீலமலைக்கே உரிய பெர்பெரிஸ் நீலகிரியென்சிஸ் என்னும் மற்றோர் இனமும் மிகச் சில இடங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஒரு செடியின் சரியான பெயர் தெரிந்தால்தான், அது எங்கே எத்தனை எஞ்சியுள்ளது என்று கணக்கெடுக்க முடியும். கணக்குத் தெரிந்தால்தான் காக்க முடியும். பெர்பெரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இமயமலைச் செடியான போடோபில்லத்தின் வேரிலுள்ள பொருளை அடிப்படையாகக் கொண்டே புற்றுநோய்க்குரிய மருந்து ஒன்று உருவாக்கப்பட்டது. இன்று வெறும் முட்புதர் என்று நாம் ஒதுக்குவது நாளை எந்த நோய்க்கு மருந்தாகும் என்று யார் அறிவார்?

இஃது அறிவியல் துறையின் வேலை, தமிழ்த் துறைக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் வினவக்கூடும். பங்கு உண்டு என்பதே நம் துணிபு. வைட் தந்தது இலத்தீன் பெயர். அச்செடிகளுக்கு நம் மக்கள் இட்ட தமிழ்ப் பெயர்களைத் திரட்டுவது நம் கடமை. நம் மாவட்டத்துச் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் ஒகேனக்கல் காட்டிலும் வாழும் முதியோர் நாவில் எத்தனையோ செடிப் பெயர்கள் வழங்குகின்றன. 1980களில் திருச்சி இராபினாட் உலர்தாவரக் கூடத்தின் அருட்தந்தை மேத்யூ, நம் பகுதியையும் உள்ளடக்கிய தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைத் தொகுத்து வழிகாட்டினார். அவ்வழியில் நம் மாணவர்கள் விடுமுறை நாளில் ஒரு குறிப்பேட்டோடு தம் பாட்டன் பாட்டியர் அருகில் அமர்ந்து, ஆளுக்கு இருபது செடிப் பெயர்களை எழுதி வந்தால் போதும். செடியின் தழையைத் தாளில் அழுத்தி உலர்த்தி, பெயரையும் ஊரையும் நாளையும் குறித்து, சொன்னவர் பெயரையும் மறவாமல் எழுத வேண்டும். வைட்டின் ஏட்டில் விடுபட்டுப் போன எளியோரின் பெயர்கள் நம் ஏட்டிலாவது இடம்பெறட்டும்.

பதவி பறிபோனபோதும் பணியை விடாத உறுதி, தம் முன்னோரையும் உடன் உழைத்தோரையும் பெயர் சொல்லிப் போற்றிய பண்பு, உண்மையைக் கண்ணால் கண்டு எழுதிய நேர்மை ஆகிய மூன்றும் இராபர்ட் வைட் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். நாடு வேறு, மொழி வேறு, சமயம் வேறு ஆயினும் அறிவைத் தேடுவோர் அனைவரும் ஒரு குடும்பத்தினரே. அக்குடும்பத்தில் நம் மாணவச் செல்வங்களும் இடம்பெற வேண்டும் என்பதே நம் விழைவு. அடுத்த முறை கடையில் மரமஞ்சள் வாங்கும்போது, இது எந்தச் செடி என்று ஒரு கேள்வி கேட்போமாக. அறிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.